மூலிகைத் தேநீர்: எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க விடாதீர்கள்

மூலிகைத் தேநீர் கொதிக்கும்போது சமையலறை முழுக்க மணந்தால், தேநீர் நன்றாக வந்துவிட்டது என்று நினைக்கிறோம். கோப்பையில் இருந்திருக்க வேண்டிய மணம்தான் அப்படிக் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. குடித்துப் பார்த்தால் வெறும் கசப்பும் ஒரு வெந்த இலை வாசமும் மிஞ்சும். பெரும்பாலும் இதற்குக் காரணம் ஒன்றுதான்: துளசி, புதினா, சுக்கு, பட்டை, ஏலக்காய் என்று கையில் கிடைத்ததை எல்லாம் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு, கால் மணி நேரம் கொதிக்க விடுவது.

இலையும் பூவும் ஒரு ரகம், வேரும் பட்டையும் விதையும் இன்னொரு ரகம். புதினாவுக்கு மணம் தருபவை, துளசியில் இருக்கும் யூஜெனால் எல்லாம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்ப் பொருட்கள். இலை மெல்லியது என்பதால் அவை சட்டென்று வெந்நீரில் இறங்கிவிடும். மேலும் கொதிக்க விட்டால் நீராவியோடு சேர்ந்து வெளியேறும். சுக்கும் பட்டையும் அதிமதுரமும் அப்படியில்லை. கட்டியான பொருட்கள், சாறு இறங்க நேரம் பிடிக்கும். சிறு தீயில் 10 முதல் 15 நிமிடம் கொதித்தால்தான் சுவை வரும்.

அதனால் இரண்டு ரகத்தையும் சேர்த்துப் போடுவதாக இருந்தால், முதலில் வேர், பட்டை, விதையைக் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு இலையையும் பூவையும் போட்டு, மூடி வைத்து, 5 முதல் 7 நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். வேறு எதையும் மாற்றாமல் இந்த வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள், அதே பொருட்களில் வேறு தேநீர் கிடைக்கும். எலுமிச்சைப்புல் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. இலைதான் என்றாலும் நார் மிகுந்தது, இரண்டு மூன்று நிமிடக் கொதியைத் தாங்கும்.

மூடி வைப்பதைச் சிறிய விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். ஐந்து நிமிடம் கழித்து மூடியை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர்த்துளிகள் நிற்கும். முகர்ந்தால் அந்தத் துளிகளில் புதினா வாசம் வரும். ஆவியாகிப் போகவிருந்த எண்ணெய்தான் மூடியில் பட்டுக் குளிர்ந்து நீரோடு நிற்கிறது. துளிகளை உதறிவிடாமல் கோப்பையிலேயே சாய்த்து விடுங்கள்.

அடுத்து அளவு. மூலிகைதானே, கூடப் போட்டால் கூட நல்லது என்று கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடுகிறோம். ஒரு கோப்பைக்கு, அதாவது 200 மில்லி தண்ணீருக்கு, உலர்ந்த இலை என்றால் ஒரு தேக்கரண்டி, பச்சை இலை என்றால் அதைப் போல மூன்று மடங்கு போதும். ஏழெட்டு பொருட்களைக் கலக்கவும் தேவையில்லை. மூன்றுக்கு மேல் போனால் எதன் சுவையும் தனித்துத் தெரியாது என்பது என் கருத்து. ஏலக்காய், சோம்பு போன்றவற்றைப் போடுகிற நேரத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பொடித்து வைத்த டப்பாவை அடுப்புப் பக்கத்திலேயே வைத்திருந்தால் சூட்டிலும் ஈரத்திலும் மணம் சீக்கிரம் போய்விடும்.

சுக்கு, இஞ்சி இரண்டையும் ஒரே அளவில் போடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. இஞ்சி காயும்போது அதிலிருக்கும் ஜிஞ்சரால் என்ற பொருளில் ஒரு பகுதி, அதைவிடக் காரமான ஷோகாலாக மாறுகிறது. அதனால்தான் சுக்கு சுருக்கென்று இருக்கிறது. அளவைக் குறைத்தே போடுங்கள். பால் சேர்த்துக் குடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பச்சை இஞ்சியை நேரே பாலில் தட்டிப் போட்டால் சில நேரம் பால் திரிந்துவிடும். பால் கெட்டுப்போனது என்று கொட்டிவிடுகிறோம். இஞ்சியில் ஜிஞ்சிபெயின் என்ற நொதி இருக்கிறது, பாலின் புரதத்தை உடைத்துத் திரிய வைப்பது அதுதான். கொதிக்கும் நீரின் சூட்டில் அது செயலிழந்துவிடும். எனவே இஞ்சியை முதலில் தண்ணீரில் ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டு, அப்புறம் பாலை ஊற்றினால் சிக்கல் இல்லை.

தேனும் எலுமிச்சைச் சாறும் கடைசியில்தான், அதுவும் குடிக்கும் பதத்துக்கு ஆறிய பிறகு. கொதிக்கும்போதே சேர்த்தால் தேனின் நறுமணமும் எலுமிச்சையின் புத்துணர்வும் போய்விடும். புளிப்புச் சேரும் தேநீரை அலுமினியப் பாத்திரத்திலோ வெள்ளீயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்திலோ வைக்க வேண்டாம். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் நல்லது.

தொண்டை கரகரப்புக்குச் சுடச்சுட இறக்கினால்தான் இதம் என்ற நம்பிக்கையை தயவுசெய்து கைவிடுங்கள். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. உதட்டில் வைத்தால் சுடுகிறது என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை. ஆற விடுங்கள், வெதுவெதுப்பே தொண்டைக்குப் போதும்.

இயற்கையானது என்பதால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தரும் தவறு. அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் உடலில் உப்பைத் தங்க வைத்து, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றும். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்ப்பது நல்லது. நெஞ்செரிச்சலுக்குப் புதினாத் தேநீர் குடிப்பவர்கள் உண்டு. வயிற்றுக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே உள்ள தசையைப் புதினா தளர்த்துவதால் சிலருக்கு எரிச்சல் கூடத்தான் செய்யும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் சீமைச்சாமந்தி (கெமோமில்) தேநீரைத் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேநீரிலும் தேன் கலந்து கொடுக்கவே கூடாது, பொட்டுலிசம் என்ற கடுமையான நோய் வரும் ஆபத்து உண்டு.

மிச்சமானதை இரவு முழுக்க அடுப்பு மேலேயே விட்டுக் காலையில் குடிக்காதீர்கள். வடிகட்டி, ஆறியதும் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். எடுத்ததும் திரும்பக் கொதிக்க வைக்காமல் இளஞ்சூடாக்கினால் போதும்.