பட்டியலில் வந்த பெயரும் வராத பெயரும்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் அலுவலகத்துக்கு ஒரு ஃபைல் வந்து இறங்கும். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். அமெரிக்காவில் எங்கள் மாநிலத்தில் மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு), உணவு உதவி, ரொக்க உதவி வாங்குகிறவர்களின் சோஷியல் செக்யூரிட்டி எண்களை, அதாவது ஆளுக்கு ஒன்றாக அரசு தரும் அடையாள எண்களை, நாங்கள் முதலில் அனுப்புவோம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தரவு மையம் அவற்றை முன்னாள் படைவீரர் நலத்துறையின், அதாவது எல்லாரும் விஏ என்று சொல்கிற துறையின், பட்டியலோடு ஒத்துப் பார்க்கும். இரண்டிலும் இருக்கும் எண்கள் மட்டும் எங்களுக்குத் திரும்பி வரும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பாரிஸ். ஒரு நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். ஈஃபில் கோபுரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதை உண்டாக்கியது ஆளைப் பிடிக்க. இரண்டு மாநிலத்தில் உதவி வாங்குகிறவர், மத்திய அரசின் ஓய்வூதியத்தைச் சொல்லாமல் மறைத்தவர், இப்படி. 2008-இல் வந்த சட்டம் மெடிகெய்டுக்காக எல்லா மாநிலங்களும் இதில் சேரவேண்டும் என்றது. அதற்கு முன்பே, 2000-களின் தொடக்கத்தில், வாஷிங்டன் மாநிலம் இதே பட்டியலைத் திருப்பிப் போட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டது. ‘இந்த ஆள் எதை மறைத்தார்’ என்று கேட்காமல் ‘இவருக்கு விஏ-விடமிருந்து இன்னும் வரவேண்டியது என்ன’ என்று கேட்டார்கள். மெடிகெய்ட் செலவில் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. விஏ பணம் முழுக்க மத்திய அரசுடையது. படைவீரருக்கும் லாபம், மாநிலக் கஜானாவுக்கும் லாபம். அரசு வேலையில் இப்படி அமைவது அபூர்வம்.

இந்த மாதிரி மாநில மென்பொருள்களில் வேலை பார்க்கிற நம்மவர்கள் நிறைய. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். கேள்வியைத் திருப்பிப் போடுவது சுலபம், பழக்கத்தை மாற்றுவதுதான் கஷ்டம். நான் பார்த்த தவறுகளில் பாதி, பிடிக்கிற கருவியைப் பிடிக்கிற புத்தியோடேயே பயன்படுத்தியதால் வந்தவை.

முதல் தவறு, பட்டியலில் பெயர் வந்ததுமே உதவியை நிறுத்தும் கடிதம் போவது. 1988-ஆம் ஆண்டின் கணினி ஒப்பீட்டுச் சட்டம் இதைத் தடுக்கிறது. கணினி சொன்னதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும், சம்பந்தப்பட்டவருக்கு நோட்டீஸ் கொடுத்து மறுப்புச் சொல்ல அவகாசம் தரவேண்டும். சட்டம் கிடக்கட்டும். மிரட்டல் வாசனை அடிக்கிற ஒரு கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டால், அடுத்து ‘உங்களுக்குக் கூடுதலாகப் பணம் வரலாம்’ என்று எத்தனை போன் போட்டாலும் அந்தப் பெரியவர் எடுக்கமாட்டார். வீட்டுக்குத் தெரிந்த அலுவலகத்தின் பெயரில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் கடிதம் முதலில். போன் அதற்குப் பிறகு.

சின்னத் தொகை சொல்வது

வந்த ஃபைலில் தொகைப் பத்தியை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை. 175.51 டாலர் என்று ஒரு வரியைப் பார்த்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். 2025-இல் அது, 10 சதவீதம் என்று விஏ மதிப்பிட்ட ஊனத்துக்கான இழப்பீட்டின் மாதத் தொகை. பெரும்பாலும் இதன் பின்னால் ஒரே கதைதான். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் காது இரைச்சலுக்கோ முட்டிக்கோ ஒருமுறை விண்ணப்பித்திருப்பார், பத்து சதவீதம் கொடுத்திருப்பார்கள், அதோடு விட்டிருப்பார். வியட்நாமில் இருந்தவராக இருந்தால், அதற்குப் பிறகு வந்த சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு எல்லாமே அந்தப் போரில் அமெரிக்கப் படை காட்டை அழிக்கத் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் மருந்தால் வந்தவையாக எண்ணப்படக்கூடியவை. அப்படி எண்ணப்படும் நோய்களின் பட்டியலில் ரத்தக் கொதிப்பு ஏறியதே, பணியில் நச்சுப்பொருள் பட்டவர்களுக்காக 2022-இல் வந்த பேக்ட் சட்டத்தில்தான். முன்பு நிராகரிக்கப்பட்டிருந்தாலும் மறுபடி கேட்கலாம். ‘ஏற்கெனவே விஏ-விலிருந்து வாங்குகிறார், வேலை முடிந்தது’ என்று அந்த வரியைத் தள்ளிவிடுவது என் கணக்கில் இருப்பதிலேயே பெரிய தவறு. கொஞ்சம் வாங்குகிறவர்தான் நிறைய விட்டிருப்பார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விஏ-விலிருந்து தற்போது பணம் பெறுகிறவர்கள்தான் அந்த ஒப்பீட்டில் வருவார்கள். விண்ணப்பமே போடாதவர் அதில் இருக்க வழியில்லை. ஆகவே ‘பாரிஸில் வரவில்லை, படைவீரர் இல்லை’ என்று கேஸில் குறிப்பு எழுதுவது பொய்க் குறிப்பு. இவர்களைக் கண்டுபிடிக்க விண்ணப்பப் படிவத்தில் கேட்டால்தான் உண்டு. அந்தக் கேள்வியையும் தப்பாகக் கேட்கிறோம். ‘நீங்கள் முன்னாள் படைவீரரா?’ என்றால் இல்லை என்பார்கள். சண்டையைப் பார்க்காதவர், இரண்டு வருஷம் ஜெர்மனியில் சமையற்கட்டில் இருந்தவர், பணியில் இருந்த பெண்கள், இவர்கள் பலர் மனத்தில் அந்தச் சொல் வேறு யாருக்கோ உரியது. ‘நீங்களோ உங்கள் கணவரோ மனைவியோ எப்போதாவது ராணுவத்தில் வேலை பார்த்ததுண்டா?’ என்று கேளுங்கள்.

அந்தக் கேள்வியில் கணவர், மனைவி வருவது சும்மா இல்லை. ஒரு விதவை அம்மாவோடு எங்கள் கேஸ் ஒர்க்கர் பேசியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ‘நான் எங்கே ராணுவத்துக்குப் போனேன், அவர் போனார். செத்தும் போனார்’ என்றார். கொரியப் போர்க்காலத்தில் பணியாற்றிய கணவர். அந்த அம்மாவுக்கு, வருமானமும் சொத்தும் வரம்புக்குள் இருந்தால், துணைவருக்கான பென்ஷன் உண்டு என்று யாருமே சொன்னதில்லை. அவர் தன் பெயரில் எதுவும் கேட்டதில்லை, ஆகவே அவர் எண் எந்த ஒப்பீட்டிலும் எழும்பாது.

விடுபட்ட சைபர்

இது சின்ன விஷயம்தான், ஆனால் நானே செய்து வாங்கிக் கட்டிக்கொண்டது. சோஷியல் செக்யூரிட்டி எண் ஒன்பது இலக்கம். 2011 வரை முதல் மூன்று இலக்கம் அட்டை எந்த மாநிலத்தில் எடுத்தது என்பதைச் சொல்லும். மெய்னில் 004-இலிருந்து, மாசசூசெட்ஸில் 010-இலிருந்து, கனெக்டிகட்டில் 040-இலிருந்து, நியூயார்க்கில் 050-இலிருந்து. ஃபைலை எக்செலில் திறந்து ஒரு தடவை சேமித்தால் முன்னால் இருக்கிற சைபர் போய்விடும், எண் எட்டோ ஏழோ இலக்கமாகிவிடும். எதனோடும் ஒத்துப்போகாது. பிழைச் செய்தியும் வராது. அந்த மனிதர் சத்தமில்லாமல் காணாமல் போவார். வடகிழக்கில் பிறந்து, வயதான பிறகு குளிர் தாங்காமல் வேறு மாநிலத்துக்குக் குடிபோனவர்கள்தான் இதில் அதிகம் சிக்குவார்கள். நமக்கு வேண்டிய வயதுக்காரர்களும் அவர்கள்தான். அந்தப் பத்தியை எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள், அனுப்பும் முன் ஒன்பது இலக்கம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். எதிர்த் தவறும் உண்டு: எண் ஒத்துப்போய், பெயரும் பிறந்த தேதியும் வேறாக இருந்தால் அது யாரோ எண்ணைத் தப்பாகத் தட்டிய கேஸ். போன் போடாதீர்கள்.

நவம்பர் ஃபைலில் இன்னொரு பொறி. விஏ தொகைகள் டிசம்பர் 1-ஆம் தேதி உயரும். நவம்பர் எண்ணை ஜனவரியில் கணக்கில் ஏற்றினால் தப்பு.

கூட்டிக் கழித்துப் பார்க்காமல் விண்ணப்பம் போடுவது

நல்லது செய்கிறேன் என்று போய் ஆளைக் குழியில் தள்ளுவது இங்கேதான் நடக்கிறது. விஏ-வில் இரண்டு தனித்தனிப் பணம். பணியால் வந்த காயம், நோய்க்குக் கொடுப்பது இழப்பீடு. அதற்கு ஏழையாக இருக்கவேண்டியதில்லை. போர்க்காலத்தில் பணியாற்றி, இப்போது 65 வயதானவராகவோ நிரந்தரமாக உடல் முடியாதவராகவோ இருந்து, வருமானமும் சொத்தும் குறைவாக இருந்தால் கிடைப்பது பென்ஷன்.

எஸ்எஸ்ஐ, அதாவது வருமானம் குறைந்த முதியவர்களுக்கும் உடல் முடியாதவர்களுக்கும் மத்திய அரசு தரும் மாத உதவி, அதை மட்டும் வாங்கித் தனியாக இருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2025-இல் அவருக்கு மாதம் 967 டாலர். வேறு வருமானம் இல்லையென்றால் விஏ பென்ஷன் வருடம் 16,965 டாலர் வரை, மாதம் 1,413 சொச்சம். எஸ்எஸ்ஐ இந்தப் பென்ஷனை டாலருக்கு டாலர் கழிக்கும், ஆக எஸ்எஸ்ஐ சைபர். கையில் 446 டாலர் கூடுகிறது, நல்லதுதானே? எஸ்எஸ்ஐ-யை ஒட்டி வந்த மெடிகெய்டும் அதோடு போகிறது. வயதானவர்களுக்கான மெடிகெய்ட் வரம்பைப் பல மாநிலங்கள் வறுமைக்கோட்டில் வைத்திருக்கின்றன. 2025-இல் அது தனி ஆளுக்கு மாதம் 1,304 டாலர். நம் ஆள் நூற்றுச் சொச்சம் டாலரில் அதைத் தாண்டிவிட்டார். வீட்டுக்கு வந்து குளிப்பாட்டிவிடுகிற உதவியாளர் மெடிகெய்ட் பணத்தில் வருகிறவர் என்றால், 446 டாலரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதில் ஒரு வாசல் இருக்கிறது. குளிக்க, உடுக்க, சாப்பிட இன்னொருவர் துணை தேவைப்பட்டால் பென்ஷனோடு எய்ட் அண்ட் அட்டெண்டன்ஸ் என்று ஒரு படி சேரும். அந்தப் படியை மெடிகெய்ட் தகுதிக்கான வருமானத்தில் சேர்க்கக்கூடாது. ஆனால் ஃபைலில் வருகிற மொத்தத் தொகையை அப்படியே வருமானக் கட்டத்தில் கொட்டுகிற அலுவலகங்கள் இருக்கின்றன, தகுதி உள்ளவர் தகுதி இல்லாதவராகிறார். தொகையைப் பிரித்துப் பாருங்கள். விண்ணப்பிக்கும் முன்னால், மெடிகெய்ட், உணவு உதவி, வீட்டு வாடகை மூன்றும் என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதி அவரிடமே காட்டுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு இடம் வேண்டும்.

முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருப்பவர்கள் கணக்கு வேறு. இழப்பீடு வாங்குகிறவர் என்றால் சதவீதத்தை விசாரியுங்கள். 70 அல்லது அதற்கு மேல் என்றால் இல்லப் பராமரிப்பையே விஏ ஏற்கவேண்டும் என்று 1999-இல் சட்டம் வந்திருக்கிறது. மாநிலத்துக்குப் பெரிய மிச்சம் இங்கேதான். இன்னொரு வகை, மனைவியோ பிள்ளையோ இல்லாமல் மெடிகெய்டில் இல்லத்தில் இருக்கிற பென்ஷன்காரர். இவருடைய பென்ஷன் மாதம் 90 டாலராகக் குறைக்கப்படும், ஆனால் அந்த 90-ஐ இல்லம் தொட முடியாது. மாநிலத்துக்கு இதில் ஒரு டாலர்கூட மிஞ்சாது என்பதால் இவர்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடச் சொன்ன மேலாளரைப் பார்த்திருக்கிறேன். மெடிகெய்ட் இல்லவாசிக்கு விட்டுவைக்கும் கைச்செலவுப் பணத்தின் மத்தியக் குறைந்தபட்சம் மாதம் 30 டாலர். முடிவெட்டு, பேத்திக்கு ஒரு வாழ்த்து அட்டை, சாக்ஸ் எல்லாம் அதற்குள். அதோடு 90 டாலர் சேர்வது அவருக்கு என்ன என்று அந்த மேலாளருக்குப் புரியவைக்க முடியவில்லை.

கட்டணம் கேட்கிறவர்களைப் பற்றி ஒரு வரி. முதல் விண்ணப்பத்துக்கு யாரும் காசு வாங்கக்கூடாது. கவுண்டியில், அதாவது மாவட்ட நிர்வாகத்தில், இருக்கிற படைவீரர் சேவை அலுவலரும், அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கங்களும் இலவசமாகவே செய்துகொடுப்பார்கள். நம் கடிதத்தில் இது இருக்கவேண்டும்.

காகிதத்துக்காகக் காத்திருப்பது

‘டிடி 214 கொண்டுவாருங்கள், பிறகு பார்க்கலாம்’ என்று அனுப்பிவிடுவது எல்லா அலுவலகத்திலும் உண்டு. பணியிலிருந்து விடுவித்த சான்று அது. பலரிடம் இருக்காது, சிலருக்கு அரசிடமே இருக்காது. 1973 ஜூலை 12-ஆம் தேதி செயின்ட் லூயிஸில் இருக்கும் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்துபோயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம் அதில் சாம்பல். சம்பள ரசீது, மருத்துவமனைப் பதிவு போன்றவற்றை வைத்து விவரத்தை மறுபடி கட்டுவார்கள், நாள் பிடிக்கும். கௌரவ விடுவிப்பு இல்லை என்பதற்காகவும் யாரையும் நீங்களே திருப்பி அனுப்பாதீர்கள். அதைத் தீர்மானிப்பது விஏ-வின் வேலை.

காத்திருக்கிற மாதங்களுக்குப் பணம் போகாமலிருக்க ஒரு வழி, விண்ணப்பிக்கப் போகிறேன் என்று தெரிவிக்கும் 21-0966 படிவம். அது விஏ-வுக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பம் போனால், பணத்தை அந்த நாளிலிருந்து கணக்கிடலாம். அந்த விதவை அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்றைக்கு அவர் கையில் கணவரின் இறப்புச் சான்றிதழ்கூட இல்லை; ஒரு பழைய சீருடைப் போட்டோதான் இருந்தது. கேஸ் ஒர்க்கர் போட்டோவைப் பார்த்துவிட்டு, அந்தப் படிவத்தை எடுத்துக் கையெழுத்து வாங்கி, சாயங்காலத்துக்குள் கவுண்டி அலுவலர் வழியாக அனுப்பிவிட்டார். சான்றிதழ் வந்துசேர ஏழு வாரம் ஆனது.