மைக் கத்தினால் மிக்சரைத் திட்டாதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கல்யாண டின்னர். கேக் வெட்டியாயிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமா வாழ்த்துச் சொல்ல மைக்கை வாங்கினார். வாங்கியதும் அதன் தலையை, ஏதோ கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல, உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். கீ...ச்! மண்டபமே காதைப் பொத்திக்கொண்டு ஒலியைக் கலக்கும் மிக்சருக்குப் பின்னால் நின்ற என்னைத்தான் முறைத்தது.

ஸ்பீக்கரில் வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போய், பெரிதாகி, மறுபடி ஸ்பீக்கருக்கு வருகிறது. சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போனால் ஊளைதான். அதனால் பொத்தானில் கை வைக்கும் முன் எது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

மாமா செய்த தவறைப் பாடகர்களும் செய்கிறார்கள், ஸ்டைல் என்று நினைத்து. மைக்கின் தலைக்குள், பின்பக்கம் சிறு துளைகள் உண்டு. அவை இருப்பதால்தான் பின்னாலிருந்து வரும் சத்தத்தை மைக் தள்ளிவிடுகிறது. கையால் அடைத்தால் அது எல்லாப் பக்கமும் காது கொடுக்கும், பாடுபவர் தன் குரலைக் கேட்கக் காலடியில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் உட்பட. "மாமா, கீழே பிடிங்க" என்று சபையில் சொல்ல யாருக்குத் துணிச்சல்? இப்போதெல்லாம் கைப்பிடி நடுவில் வெள்ளை டேப் சுற்றிவிடுகிறேன். டேப் இருக்கும் இடத்தில் கை தானாகப் போகிறது.

மானிட்டரை வைக்கும் இடமும் மைக்கைப் பொறுத்தது. ஷூர் கம்பெனியின் எஸ்எம் 58 மைக் என்றால் மைக்கின் வாலுக்கு நேர் பின்னால் வைக்கலாம். அதே கம்பெனியின் பீட்டா 58ஏ என்றால் நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். முன்பக்கத்திலிருந்து சுமார் 120 டிகிரி தள்ளி, ஓரமாக வைக்க வேண்டும். இரண்டையும் கலந்து வாடகைக்கு எடுத்துவிட்டு எல்லா மானிட்டரையும் ஒரே மாதிரி வைத்தால் ஒருவர் மைக் மட்டும் கத்தும், பழி அவர் குரலுக்குப் போகும்.

பெரிய ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால் நிற்கட்டும். மேசைகள் மேடை விளிம்புவரை வந்துவிட்டன என்று அவற்றைப் பின்னால் தள்ளினால் அன்றைய இரவு வீண். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் சும்மா கிடைக்கும். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பானால் 3 டெசிபல் போய்விடும். பேசி முடித்தவர் மைக்கை உடனே ஆஃப் செய்துவிடுங்கள்.

இதெல்லாம் செய்தும் கத்தினால்தான் ஈக்யூ, அதாவது சத்தத்தைச் சுருதிப் பட்டை வாரியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி. கத்துகிற அந்த ஒரு சுருதியைத் தேடி மெல்லியதாக வெட்டுங்கள். 31 பட்டையிலும் கை வைத்தால் கத்தல் நிற்கும், பாட்டும் நின்றுவிடும்.

சரி, கித்தார். பிளாட்டில் கீழ்வீட்டுக்காரருக்குப் பயந்து மெதுவாக வாசிக்கும்போது பேஸும் (கீழ்ச் சுருதி) டிரெபிளும் (மேல் சுருதி) காதுக்குக் குறைவாகத் தெரியும். அதனால் இரண்டையும் ஏற்றி, நடுச் சுருதியான மிட்டை இறக்கி வைப்பார்கள். அறையில் தேன். மேடையில் பேஸ் கித்தாரும் கீபோர்டும் தபேலாவும் சேர்ந்ததும் கித்தாரைக் காணோம். அது உட்கார வேண்டிய இடமே மிட்தான். உடனே சிக்னலைப் பெருக்கும் கெயினை முறுக்குவார்கள், பிறகு கத்தல். டோனை மேடைச் சத்தத்திலேயே வையுங்கள். கித்தாரின் சத்தம் வரும் ஆம்ப்பைத் தரையில் வைத்து முழங்காலுக்கு வாசித்துக் காட்டாமல் சாய்த்து முகத்துக்கு நேராக்குங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கித்தார் கத்துவதிலும் இரண்டு ரகம். கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் கம்பி அதிர்ந்து வந்த ஃபீட்பேக். அதை ஆட்டுவித்துத்தான் கித்தார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இசை செய்தார். ஆம்ப்பிலிருந்து இரண்டடி நகர்ந்து, திரும்பி நின்றாலே அடங்கும். அமுக்கியும் விசில் நிற்கவில்லையா? பெரும்பாலும், கம்பிகளின் அடியில் இருந்து அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப்புக்குள் கம்பிச்சுருள் தளர்ந்து மைக்காகவே மாறியிருக்கும். கெயினைக் குறைத்தால் தற்காலிகமாக அடங்கும். நிரந்தர வைத்தியம், கழற்றி மெழுகில் முக்குவது. முன்பின் செய்யாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. அதிகம் சூடேறினால் பிக்கப்பின் பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.

அப்புறம் அந்த 'ம்ம்ம்' இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் அதைப் பிடித்துப் பாடும். உடம்பைத் திருப்பினால் கூடிக் குறையும். மேடை விளக்கு டிம்மரும் பின்னால் உள்ள எல்இடி திரையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். இதற்காகத்தான் 1955-இல் கிப்சன் கம்பெனியில் செத் லவர் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கரை உருவாக்கினார்.

இரைச்சலை நிறுத்த மூன்று முள் பிளக்கில் எர்த்தைத் துண்டிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கை கித்தார் கம்பியில், உதடு மைக்கில். பழுதான ஆம்ப்பாக இருந்தால் மின்சாரம் அந்த உடம்பு வழியாகத்தான் போகும். கித்தாரை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச், மின்சார எர்த்தைத் தொடாமல் சிக்னல் வயரில் மட்டும் அதே வேலையைச் செய்யும். புடு ஜாலான் பாசாரில் ஆடியோ கடைகள் வரிசையாக இருக்கின்றன, போகும்போது ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எர்த் இல்லாத பிளக்கோடு வருகிறவருக்கு நான் கரண்ட் கொடுப்பதில்லை. ஒருவர் கோபித்துக்கொண்டு கித்தாரை உறையில் போட்டார். அன்றைக்குக் கீபோர்டையும் தபேலாவையும் வைத்து ஓட்டிவிட்டோம்.