மரைக்காயர் பெயரைத் தேடிப் போவது எப்படி

உங்கள் வாப்பாவின் வாப்பா பெயரோடு "மரைக்காயர்" இருந்திருக்கிறது. உங்கள் ஆதார் அட்டையில் அது இல்லை. பினாங்கில் இருக்கும் சொந்தக்காரர் தன்னை மெரிக்கன் என்கிறார், கொழும்பில் இருப்பவர் மரிக்கார் என்கிறார். இவர்களுக்கும் நமக்கும் என்ன உறவு, பெயர் எங்கே தொடங்கி எங்கெல்லாம் போனது என்று தேட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கீழக்கரைக்காரி. எங்கள் குடும்பத்துக்காகத் தொடங்கிய வேலை இது. இப்போது கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்ததும் யாராவது ஒரு பழைய பத்திரத்தைக் கொண்டு வந்து நீட்டுகிறார்கள்.

பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் என்று கடலோரமாகவே வாழ்ந்து கப்பல் வணிகம் செய்த தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் பட்டம் மரைக்காயர். மரக்கலத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள் சிலர். படகுக்கு அரபியில் சொல்லும் "மர்கப்" என்பதிலிருந்து வந்தது என்பார்கள் வேறு சிலர். எதுவானாலும் கடலில்தான் கொண்டு போய் விடுகிறது. அந்த விவாதத்தில் நேரத்தைச் செலவழிக்காமல் வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

வீடு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வீடு பெண்ணுக்குப் போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மரைக்காயர் பட்டமோ ஆண் பெயரோடு வரும். பெண்கள் நாச்சியா, பீவி, உம்மா என்று முடிவார்கள். அதனால் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு தலைமுறையில் தடம் நின்றுவிடும். வீட்டைப் பிடித்துப் போங்கள். என் உம்மும்மாவின், அதாவது தாய்வழிப் பாட்டியின், வீட்டுப் பத்திரத்தில் அவருடைய பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயர் பட்டத்தோடு முழுசாக இருக்கிறது. அதற்கு முந்தைய பத்திரத்தில் அவர் உம்மாவின் தகப்பனார் பெயர், அதுவும் பட்டத்தோடு. எந்த மரைக்காயரும் தன் பட்டத்தை இவ்வளவு கவனமாக எழுதி வைக்கவில்லை. மகளுக்கு வீடு எழுதும்போதுதான் வைத்திருக்கிறார்கள்.

பத்திரம் கையில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனு போடுங்கள். இணையத்தில் கிடைப்பது பிந்திய காலத்துப் பதிவுகள்தான். பழையதைப் புத்தகத்தில் தேடச் சொல்ல வேண்டும். கதவு எண் மாறியிருக்கும், தெருப் பெயரே மாறியிருக்கும், ஆகவே நான்கு எல்லைகளையும் குறித்துக்கொண்டு போங்கள். "இன்னாருடைய வீட்டுக்கு மேற்கு" என்ற வரியில் பக்கத்து வீட்டு மரைக்காயரும் கிடைப்பார். அவர் பெரும்பாலும் உங்களுக்குச் சொந்தமாகத்தான் இருப்பார்.

அப்புறம் வயதான பெண்களிடம் உட்காருங்கள். "உங்க பாட்டனார் பேர் என்ன?" என்று கேட்டால் யோசிப்பார்கள். "இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவங்க யார் யார், எந்தத் தெருவிலேருந்து, சபர் எங்க போனாங்க?" என்று கேளுங்கள், நிற்காமல் வரும். சபர் என்றால் கடல் கடந்து போன பயணம். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். தெரு, பள்ளிவாசல், சபர் போன ஊர் மூன்றையும் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எழுதுங்கள். நெய்னா, தம்பி, மீரா என்று ஒரே பெயர் பேரன்மாருக்கு மாறி மாறி வைக்கப்பட்டிருக்கும். இந்த மூன்று விவரம் இல்லாமல் ஆட்களைப் பிரித்தறிய முடியாது.

முன்னெழுத்துகளை அலட்சியம் செய்யாதீர்கள். பட்டம் பல இடங்களில் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது, அல்லது அங்கேதான் உதிர்ந்திருக்கிறது. அப்துல் கலாமை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.பி.ஜே. என்பது அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன் என்ற மூன்று முன்னோர் பெயர்கள். ராமேசுவரத்தில் படகு வைத்திருந்த அவருடைய தகப்பனாரை ஜைனுலாப்தீன் மரைக்காயர் என்பார்கள். மகன் பெயரில் மூன்று தலைமுறை இருக்கிறது, மரைக்காயர் இல்லை. இலங்கையில் இதற்கு நேர்மாறு. அங்கே எல்.எம். என்ற எழுத்துகளைப் பார்த்தால் லெப்பை மரிக்காராக இருக்குமா என்று முதலில் விசாரியுங்கள். 1907-ல் சோனகர் (இலங்கை முஸ்லிம்கள்) வரலாறு குறித்து, தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு மறுப்பு எழுதிய ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் பெயரில் இருக்கும் எல்.எம். என்பது லெப்பை மரிக்கார்தான்.

இலங்கைக் கிளையைத் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கிழக்குக் கரையில், மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பக்கம், தாய்வழிக் குடிகளின் சார்பில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவரை மரைக்கார் என்பார்கள். அங்கே அது பொறுப்பு. ஒருவர் மரைக்காராக இருந்தார் என்பதால் அவர் தகப்பனாரும் மரைக்கார் என்று எழுதிவிடாதீர்கள். எந்தக் குடி என்று கேளுங்கள். பேருவளை, காலி, கொழும்புப் பக்கம் அது குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. 1978 முதல் 1983 வரை இலங்கை நாடாளுமன்றச் சபாநாயகராக இருந்த பாக்கீர் மாக்கார் பெயரில் இருப்பதும் அதன் ஒரு வடிவம்தான்.

சாதிச் சான்றிதழில் "லப்பை" என்று பார்த்துக் குழம்பிப் போகிறவர்கள் அதிகம். தமிழ்நாடு அரசின் பட்டியலில் ராவுத்தரும் மரைக்காயரும் லப்பை என்ற தலைப்பின் கீழேயே வருகிறார்கள். ஆகவே அந்தச் சான்றிதழ் உங்கள் தேடலில் எதையும் நிரூபிக்காது, எதையும் மறுக்கவும் செய்யாது. ஓரம் வைத்துவிடலாம்.

ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர், அதாவது திருமணப் பதிவேடு, அப்படி இல்லை, அது பெரிய புதையல். பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியிடம் மரியாதையோடு, எழுத்து மூலம் கேளுங்கள். எந்த ஆண்டு, யாருடைய திருமணம் என்று குறிப்பாகக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். மையவாடியில் (அடக்கத்தலத்தில்) மீஸான் கற்களை, அதாவது கல்லறைக் கற்களை, காலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், தேய்ந்த எழுத்தும் தெரியும். சுண்ணாம்பு பூசுவது, சுரண்டுவது எல்லாம் வேண்டாம். ஆண்டு ஹிஜ்ரியில் இருந்தால் 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள், ஓரிரு ஆண்டு வித்தியாசத்தில் வந்துவிடும். ஹிஜ்ரி 1300 என்றால் 1882 நவம்பரில் தொடங்கிய ஆண்டு. காயல்பட்டினம் பக்கத்து ஆவணத்தில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) இருந்தால் 825 கூட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெட்டியில் அரபு எழுத்தில் கடிதம் இருந்தால் "ஓதுற தாள்" என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். பாதிக்கு மேல் அரபுத்தமிழாக இருக்கும். எழுத்து அரபு, பேச்சு நம்முடையது. சபரில் இருந்த ஆண்களுக்கும் வீட்டிலிருந்த பெண்களுக்கும் இடையே ஓடிய கணக்கு, நகை, குழந்தைக்குப் பெயர் வைத்த செய்தி எல்லாம் அதில்தான் கிடக்கிறது. குர்ஆன் ஓதத் தெரிந்தவர் எழுத்துக் கூட்டிவிடுவார். ள, ழ, ட போன்றவற்றுக்கான தனி எழுத்துகளைப் படிக்கத்தான் பழைய ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவர் தேவை. அப்படிப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மற்ற வேலைகளை அடுத்த வருடம் செய்யலாம், இதை இந்த மாதமே செய்யுங்கள்.

பழைய இலக்கியத்தையும் பாருங்கள். கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்கிற பெரியதம்பி மரைக்காயர் உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டினார். அவருக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரித்தார், நூலுக்குள்ளேயே அவர் பெயர் வருகிறது. மரைக்காயர் என்ற பட்டம் 17-ஆம் நூற்றாண்டில் இரண்டு துறைமுகங்களில் எவ்வளவு செல்வாக்கோடு இருந்தது என்பதற்கு இது சான்று. உங்கள் குடும்பம் அந்த வள்ளலின் வாரிசு என்பதற்குச் சான்று ஆகாது. குஞ்ஞாலி மரைக்காயர் விஷயமும் அப்படியே. கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான அவர்களில் நான்காமவரைப் போர்த்துகீசியர் 1600-ல் கோவாவில் கொன்றார்கள். 1538-ல் வேதாளையில், நம்முடைய மண்டபம் பக்கத்திலேயே, பட்டு மரைக்காயரின் கப்பல்கள் போர்த்துகீசியரோடு மோதித் தோற்றன. மலபாருக்கும் நம் கரைக்கும் போக்குவரத்து இருந்தது உண்மை. அதை வைத்துக்கொண்டு மகன், தகப்பன், பாட்டன் என்ற சங்கிலி இல்லாமல் அவர்களோடு இணைத்துக்கொள்ளும் குடும்ப மரங்களை நிறையப் பார்க்கிறேன். எனக்கு அது வேதனையாக இருக்கிறது. உண்மையாகக் கப்பலேறிப் போய், பெயர் தெரியாமல் அக்கரையில் அடங்கிய நம் சொந்தப் பாட்டன்மாரின் இடத்தை அது எடுத்துக்கொள்கிறது.

கடைசியாகக் கடல் கடந்த கிளை. பினாங்கில் 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த நிலத்தில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலோடு சேர்த்துச் சொல்லப்படும் காதர் முகைதீன், மெரிக்கன் என்ற பெயரோடுதான் அங்கே அறியப்படுகிறார். மலாய்ப் பெண்களை மணந்தவர்களின் பிள்ளைகள் மலாய் பேசி வளர்ந்தார்கள்; தமிழ் போனது, மெரிக்கன் மட்டும் தங்கியது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதிதான் கிடைக்கும். எம்-க்கு அடுத்து ஏ, பிறகு ஈ. நடுவில் சி, பிறகு ஒற்றைக் கே, இரட்டைக் கே. கடைசியில் ஆர், பிறகு என். இப்படி எல்லாச் சேர்க்கையும் போட்டுப் பாருங்கள். காரைக்கால் குடும்பமென்றால் பிரெஞ்சு அதிகாரிகள் எழுதியபடி, சி போட்ட மரிக்கார் வடிவத்தை முதலில் தேடுங்கள். 1967-ல் புதுச்சேரி முதலமைச்சரான ஃபரூக் மரைக்காயர் பெயரும் ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதப்படுகிறது. கிடைத்த எழுத்தைத் திருத்தாமல் அப்படியே குறித்து, பக்கத்தில் தேதியையும் எழுதுங்கள்.

அங்கே இருக்கும் சொந்தங்களுக்கு எழுதும்போது "நாமெல்லாம் மரைக்காயர்" என்று தொடங்க வேண்டாம். அவர்களுக்கு அந்தச் சொல்லே புதிதாக இருக்கும். ஊர், தெரு, பள்ளிவாசல் பெயரை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதி, வீட்டின் பழைய படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள், அதில் முகவரி இருக்கும்.