சுகர் கிளினிக்கில் அசிஸ்டென்ட் வேலை: புதிதாகச் சேர்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்க்கரை நோய்க்கும் வட சென்னைக்கும் பழைய தொடர்பு உண்டு. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் இந்த நோய்க்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954-ல் அவர் நிறுவிய மருத்துவமனை இன்றும் ராயபுரத்தில் இயங்குகிறது. இப்போது வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர் என்று எங்கே போனாலும் சுகருக்கென்றே ஓ.பி. பார்க்கும் கிளினிக்குகள் இருக்கின்றன. அவற்றில் அசிஸ்டென்ட்டாகச் சேரும் பெண்களும் பையன்களும் பெரும்பாலும் அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள்தான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் ஒரு நோயாளியிடம் பேசுவது ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து. அந்த நேரத்தில் அவர் முதலில் பார்ப்பது ஃபைலில் எழுதியிருக்கும் சுகர், பிரஷர், எடை, இப்போது சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை. நான்கையும் எழுதுவது நாம். அதை நம்பித்தான் மாத்திரை கூடுகிறது, குறைகிறது, இன்சுலின் ஏறுகிறது. அதனால் நம்முடைய தவறு நம்மோடு நிற்காது. மருந்துச் சீட்டாகி நோயாளியின் வீட்டுக்கே போய்விடும்.

பெயரை நாமே சொல்லிவிடுவது

ஒரே காலையில் மூன்று லட்சுமி, இரண்டு மேரி, இரண்டு பாத்திமா வருவது இங்கே சாதாரணம். "லட்சுமியம்மாவா?" என்று கேட்டால் காது மந்தமானவரும் தலையாட்டுவார், டோக்கன் சீக்கிரம் வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் வேறொருவரும் எழுந்து வருவார். "உங்க பேர் என்னம்மா, சொல்லுங்க" என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். கூடவே வயதையோ போன் நம்பரின் கடைசி நான்கு எண்களையோ கேட்டு ஃபைலோடு ஒப்பிட வேண்டும். இனிஷியலை மட்டும் நம்பக் கூடாது. கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரில் போட்ட ஃபைல், இப்போது வீட்டுக்காரர் பெயரில் வந்த லேப் ரிப்போர்ட் என்று ஒரே ஆளுக்கு இரண்டு இனிஷியல் இருக்கும்.

"வெறும் வயித்துலதானே வந்தீங்க?"

இப்படிக் கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். "காலைல எழுந்ததுல இருந்து வாயில என்னென்ன போட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "நாஷ்டா எதுவும் துன்னல சிஸ்டர். ஒரு டீ, ரெண்டு பொறை, அவ்ளோதான்" என்பார் காசிமேட்டிலிருந்து வந்த அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை. விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போகிறவருக்கு டீ சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. ஆனால் அதில் சர்க்கரையும் பாலும் இருக்கின்றன. வெறும் வயிறு என்றால் தண்ணீர் தவிர எதுவும் இல்லாமல் குறைந்தது எட்டு மணி நேரம். டீ குடித்துவிட்டவரைத் திட்டாமல், "டீ குடித்துள்ளார், காலை 5 மணி" என்று எழுதி டாக்டரிடம் சொன்னால் போதும். அன்றைக்கே எடுப்பதா, இன்னொரு நாள் வரச் சொல்வதா என்பதை அவர் முடிவு செய்வார்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் என்பதிலும் இதே குழப்பம். கணக்கு முதல் வாய் வைத்ததிலிருந்து தொடங்குகிறது. கை கழுவியதிலிருந்து அல்ல. எத்தனை மணிக்குச் சாப்பிட ஆரம்பித்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட்டார் என்பதையும் கேளுங்கள். தினமும் ஐந்து தோசை சாப்பிடுகிறவர் டெஸ்ட்டுக்காக இரண்டே இட்லியோடு வந்திருப்பார். எண் அழகாக இருக்கும். டாக்டரும் மாத்திரை போதும் என்று நினைப்பார். மறுநாளிலிருந்து தோசை ஐந்துதான். அந்தக் காலைச் சாப்பாட்டோடு வழக்கமான மாத்திரையைப் போட்டாரா என்பதையும் எழுதாமல் விடக் கூடாது.

விரல் குத்திப் பார்க்கும்போது ஸ்பிரிட் பஞ்சு போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜூஸ் கடையிலிருந்து நேராக வருகிறவர், மாம்பழம் நறுக்கிய கையோடு வருகிறவர் ஆகியோரின் விரலில் ஒட்டியிருக்கும் பழச் சர்க்கரையே மெஷினில் எண்ணை ஏற்றிவிடும். பஞ்சால் துடைப்பது அதை முழுதாக எடுக்காது. சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகு குத்த வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து எண் இறங்கும். விரலின் நுனியைவிடப் பக்கவாட்டில் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்த கையோடு மூடுங்கள். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுத்துவிடும்.

வரிசையில் சண்டை போடுகிறவர்

இந்த வேலையில் நான் மிகவும் பயப்படும் தவறு இதுதான். வீட்டில் இன்சுலின் போட்டுக்கொண்டு, டெஸ்ட் இருக்கிறதே என்று எதுவும் சாப்பிடாமல் வந்து, ஒன்பது மணி டோக்கனுக்குப் பத்தரை வரை உட்கார்ந்திருப்பார் ஒரு தாத்தா. முதலில் வேர்க்கும், கை நடுங்கும். பிறகு சம்பந்தமில்லாமல் கத்துவார்: "எவ்ளோ நேரம் ஒக்கார வெப்பீங்க?" குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்றோ திமிர் பிடித்தவர் என்றோ நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். சுகர் இறங்கினால் மூளைக்குச் சக்தி குறைந்து மனுஷன் அப்படித்தான் ஆவார். உடனே விரலைக் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் அளவு, சுமார் 15 கிராம், குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மெஷின் கைக்கு எட்டவில்லை என்றால் குளுக்கோஸை முதலில் கொடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் வகை மாத்திரை எடுக்கிறவருக்கு வீட்டுச் சர்க்கரை சட்டென்று வேலை செய்யாது, ஏனென்றால் அந்த மாத்திரை அது உடைந்து ரத்தத்தில் சேருவதையே தாமதப்படுத்துகிறது. அவருக்கு குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். மேஜை டிராயரில் ஒரு பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். டாக்டரை உடனே கூப்பிட வேண்டும்.

இதைத் தடுக்க ஒரே வழி, முந்தின நாள் அப்பாயின்ட்மென்ட் போனிலேயே சொல்லிவிடுவது. வெறும் வயிற்று டெஸ்ட் என்றால் சுகர் மாத்திரையும் இன்சுலினும் ரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாட்டோடு. டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதன்படி. நோன்பு மாதத்தில் மண்ணடி, ராயபுரம் பக்கத்து நோயாளிகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மருந்தை மாற்றுவது டாக்டர் வேலை. ரம்ஜானுக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்பே அவர்களுக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுக் கொடுப்பது நம் வேலை. விரல் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பயத்தில் பார்க்காமலே இருப்பவர்கள் உண்டு.

படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் பிரஷர்

கூட்டம் இருக்கும்போது நடக்கும் தவறு. மாடிப்படி ஏறி வந்தவர் கையில் அப்படியே பட்டையைச் சுற்றி எடுத்தால் வருவது அவருடைய உண்மையான பிரஷர் இல்லை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும். பாதம் தரையில் இருக்க வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது, கை மேஜைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். எடுக்கும்போது அவரும் பேசக் கூடாது, நாமும் கதை கேட்கக் கூடாது. ஒன்றுக்கு வருகிறது என்றால் போய்விட்டு வரட்டும். அடக்கிக்கொண்டிருந்தாலும் பிரஷர் ஏறும். பெருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை ஒன்று வாங்கித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) போட்டிருக்கும் கையில் பிரஷரும் பார்க்கக் கூடாது, ரத்தமும் எடுக்கக் கூடாது. சுகர் கிளினிக்கில் அப்படிப்பட்டவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். கேட்டுவிட்டுத்தான் கையைத் தொட வேண்டும்.

பார்த்த எண்ணை அப்படியே எழுதுங்கள். 138/86 என்று வந்ததை 140/90 என்றோ 130/80 என்றோ அழகுபடுத்தாதீர்கள். நான்கு பேருக்குப் பார்த்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதுவது, போன தடவை எழுதியதையே பார்த்து எழுதுவது ஆகியவற்றை நோயாளி கண்டுபிடிக்க மாட்டார், டாக்டருக்கும் தெரியாது. அதனால்தான் அது மோசமான தவறு.

சிகப்பு மூடி, ஆரஞ்சு மூடி

இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குரிய சிரிஞ்சுக்கு சிகப்பு மூடி. இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் (மருந்துக் குழல்) ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதே வலிமையில் சில பாட்டில்களும் உண்டு, அவற்றுக்குரிய சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பேனா ரிப்பேர் என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிகப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை உறிஞ்சினால் உள்ளே போவது 20 யூனிட் இல்லை, 50. இரண்டரை மடங்கு. நோயாளி சிரிஞ்சையும் பாட்டிலையும் பையோடு கொண்டுவரச் சொல்லி, இரண்டிலும் எழுதியிருக்கும் எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அவரை அனுப்பாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரைக்கும் அப்படித்தான். "மஞ்சக் கலர் ஒண்ணு, வெள்ளை ரெண்டு" என்று ஆயா சொல்வதை வைத்து பெயர் எழுதக் கூடாது. அட்டையைக் கண்ணால் பார்த்து, பெயரோடு மில்லிகிராமையும் எழுத வேண்டும். போனில் "சுகர் 280 இருக்குது, ஒரு மாத்திரை சேத்துப் போட்டுக்கவா?" என்று கேட்பார்கள். எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் அதற்குப் பதில் சொல்லக் கூடாது. நோட்டில் பெயர், நேரம், கேள்வி மூன்றையும் எழுதி, டாக்டர் சொன்ன பதிலையும் எழுதி, திருப்பிக் கூப்பிட வேண்டும். "சொல்றேன்மா" என்று வைத்துவிட்டு மறப்பதுதான் நிறைய நடக்கிறது.

செருப்பைக் கழற்றச் சொல்லாமல் உள்ளே அனுப்புவது

சுகரால் நரம்பு மரத்துப்போன காலில் ஆணி குத்தினாலும் தெரியாது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், ஈரத்தில் நின்று மீன் அரிகிற அக்கா, கோயிலுக்கு வெறுங்காலில் நடக்கிறவர் ஆகியோர் வலி இல்லை என்பதால் காலைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். டாக்டர் அறைக்குப் போகும் முன் இரண்டு காலிலும் செருப்பு, சாக்ஸ் எடுத்துவிட்டு விரல் இடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறிய தோல், வெடிப்பு, புதிதாகக் கறுத்த இடம், சாக்ஸில் ஒட்டிய கறை என்று எது இருந்தாலும் ஃபைலில் மேலேயே எழுதுங்கள். இரண்டு நிமிட வேலைதான். அதைச் செய்யாமல் விட்டால் விரலையே எடுக்கும் நிலைக்குப் போகலாம்.

ஊசியும் குரலும்

பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது. 2016-ன் மருத்துவக் கழிவு விதிப்படி ஊசி, லான்செட் (விரல் குத்தும் ஊசி) எல்லாம் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில் போக வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில். விரல் குத்தும் பேனாவை இரண்டு பேருக்குப் பயன்படுத்தவே கூடாது, ஊசியை மாற்றினாலும்கூட. மஞ்சள் காமாலை பி கிருமி அப்படிப் பரவியிருக்கிறது. அதற்கான தடுப்பூசியை வேலையில் சேரும்போதே போட்டுக்கொள்ளுங்கள். கையில் குத்திவிட்டால் பிதுக்காமல், வாயில் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது; 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வெட்கப்பட்டு மறைத்து அந்த நேரத்தை இழந்துவிடாதீர்கள்.

"சரவணன், சுகர் முன்னூத்தி இருபது!" என்று ஹாலில் கத்தக் கூடாது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அவர் தெருக்காரர்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இருக்கலாம். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் அவர் சொன்ன நம்பருக்கு மட்டும்தான். "நான் அவரு மச்சான் பேசுறேன்" என்பவருக்கு அல்ல.

கடைசியாக ஒன்று. "வாயுத் தொல்லை மாதிரி இருக்குது", "மூச்சு வாங்குது", "காரணமே இல்லாம வேர்க்குது" என்று ஒரு சுகர் நோயாளி சொன்னால் அவரை டோக்கன் வரிசையில் உட்கார வைக்காதீர்கள். மாரடைப்பு அவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் வரும். வாய் ஒரு பக்கம் கோணினாலும், பேச்சுக் குழறினாலும், ஒரு கை மட்டும் தொங்கினாலும் உட்கார வைக்கக் கூடாது, அது பக்கவாதமாக இருக்கலாம். டாக்டர் உள்ளே வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கதவைத் திறந்து சொல்லுங்கள். டாக்டர் இன்னும் வரவில்லை என்றால் 108-ஐக் கூப்பிட்டு, தொந்தரவு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கூட வந்தவரிடம் கேட்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். ஸ்டான்லியில் இறங்கியதும் அங்கிருக்கும் டாக்டர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.