எழுதாத நேரத்தில் நகர்ந்த கதை

சிறுகதை ஒன்று நடுவில் நின்றுவிட்டது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், மகன் எவ்வளவு கேட்டும் வீட்டை விற்க மறுக்கிறார். ஏன் என்பது எனக்கே பிடிபடவில்லை. எத்தனை பத்தி எழுதினாலும் அவர் அசையவில்லை.

சரி, கொஞ்சம் யோசிப்போம் என்று லேப்டாப்பை மூடினேன். சாயங்காலங்களில் போன் இல்லாமல் மொட்டை மாடியில் நடந்தேன். முழுக் கதையையும் யோசிக்கவில்லை. ஒரே கேள்விதான்: வீட்டை விற்றால் அவர் எதை இழப்பார்? கேள்வி பெரிதாக இருந்தால் மனம் அலைந்துவிடும். தோன்றியதை உடனே குறித்துக்கொள்ளவும் இல்லை. மறுநாளும் நினைவில் நிற்பதுதான் கதைக்கு வேண்டியது என்பது என் நம்பிக்கை. 1652க்குள் பார்வையை முற்றிலும் இழந்த ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டன், இரவில் வரிகளை மனதிலேயே அமைத்துக்கொண்டு, காலையில் பிறரிடம் சொல்லி எழுதவைத்தார். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு காட்சியை மனதில் தாங்கினால் போதும்.

அப்புறம் விடை வந்தது. விற்றால் மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிட வேண்டும். மறைந்த மனைவியின் கையெழுத்து இருக்கிற ஒரே காகிதம் அதுதான். மகனிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மீதிக் கதையை ஒரே மூச்சில் எழுதினேன். முன்பு எழுதியதில் மகன் பேசும் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.