குடி, போதைச் சிகிச்சைக்குப் பணம்: எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம்

"சரி, என்னைச் சேர்த்துவிடுங்க" என்று குடியிலோ போதையிலோ சிக்கியவர் வாயிலிருந்து வந்ததும், மனசு மாறுவதற்குள் சேர்த்துவிட வேண்டும் என்று நகையோடு அடகுக் கடைக்கு ஓடும் குடும்பங்கள் நிறைய. தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சையைக் கையில் பெரிய பணம் இல்லாமலே தொடங்கலாம். டிஸ்சார்ஜுக்கு அப்புறம்தான் பணத்துக்கு உண்மையான வேலை.

படி 1: முதலில் ஒரு போன்

14446 மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். 14416 டெலி மானஸ் மனநல உதவி எண். இரண்டும் இலவசம். உங்கள் மாவட்டத்தில் அரசுப் பிரிவு எங்கே, அரசு மானியத்தில் நடக்கும் தொண்டு நிறுவன மையம் எங்கே என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: அரசு மருத்துவமனை

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டால் போதும். 2025இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களையும் அரசு மருத்துவமனைகளில் திறந்திருக்கிறார்கள்.

செலவை மிச்சம் பிடிக்க வீட்டிலேயே குடியை நிறுத்திப் பார்க்காதீர்கள். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாது. வலிப்பு வரலாம், இல்லாத ஆளோடு பேச ஆரம்பிக்கலாம், உயிரே போகலாம். முதல் சில நாள் டாக்டர் கண்காணிப்பு அவசியம்.

படி 3: தனியார் மையம் என்றால்

மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் கிளம்பிவிடுங்கள். "வண்டி அனுப்பித் தூக்கிட்டு வந்துடுவோம்" என்று சொல்லும் இடத்துக்கு அட்வான்ஸே கொடுக்காதீர்கள்.

அடுத்தது பேக்கேஜ். மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையைச் சொல்வார்கள். அதற்குள் என்னென்ன அடக்கம் என்று தாளில் எழுதி வாங்குங்கள்: மருந்து, ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை, மனநல மருத்துவர் பார்க்கும் கட்டணம், கவுன்சலிங், துணைக்கு இருப்பவரின் சாப்பாடு. பாதியில் வெளியே வந்தால் மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். பாதியில் வருவது சகஜம்.

படி 4: இன்சூரன்ஸ்

பாலிசியில் எதெல்லாம் கவர் ஆகாது என்று சொல்லும் 'எக்ஸ்குளூஷன்ஸ்' பக்கத்தைத் திறந்து 'Excl12' என்ற குறியீட்டைத் தேடுங்கள். குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் கவர் ஆகாது என்று இருக்கும். அந்த 'விளைவுகள்' என்ற ஒரு சொல்லைக் காட்டித்தான் ஈரல் சிகிச்சைக்கான கிளெய்மையும் மறுக்கிறார்கள்.

ஆனால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தரச் சொல்கிறது. மது, போதைப்பொருளால் வரும் மனநலப் பாதிப்புகளும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. அதனால் மறுப்புக் கடிதம் வந்ததும் ஒதுங்கிவிடாமல் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஜெயிப்பது உறுதியில்லை, முயற்சிக்குச் செலவும் இல்லை. பாலிசி எடுக்கும்போது குடிப்பழக்கத்தை மறைத்திருந்தால் கேஸ் பலவீனம்தான்.

படி 5: டிஸ்சார்ஜுக்குப் பின்

பெரும்பாலான குடும்பங்கள் கோட்டைவிடும் இடம் இது. இருந்ததெல்லாம் அட்மிஷனுக்கே போயிருக்கும். மறுமாதம் மாத்திரைக்கும் பஸ்ஸுக்கும் காசு இல்லாமல் ரிவ்யூவைத் தள்ளிப்போடுவார்கள். குறைந்தது ஒரு வருட ரிவ்யூ, மருந்து, வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம், மறுபடி குடித்துவிட்டால் இன்னொரு அட்மிஷன் என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள்.

"அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் பொடிக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். மதுவோடு சேர்ந்தால் உடம்பைப் படுத்தும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து அதில் கலந்திருந்து, அது தெரியாமல் அவர் மது குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து ஐசியுவில் நிற்க வேண்டியிருக்கும்.

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. தமிழிலேயே நடக்கும் கூட்டங்கள் பல ஊர்களில் உண்டு. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக இருக்கிறது. அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.