உரைகல் சொல்லாதவை: பழைய தங்கக் காசு வாங்குவோர் செய்யும் தவறுகள்

காவிரி டெல்டாவில் தங்கம் தெரியாத வீடு இல்லை. சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வந்தால் அரைப் பவுனாவது வாங்கி வைப்பார்கள். டச் எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, கல்லுக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று கடைக்காரரிடம் மல்லுக்கட்டத் தெரியாத பெண்ணைத் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ தேடித்தான் பிடிக்க வேண்டும். பழைய தங்கக் காசுகளைச் சேகரிக்க இறங்கும்போது காலை வாரிவிடுவது இந்தத் தேர்ச்சிதான். நகையில் தங்கம் சரியாக இருந்தால் எல்லாம் சரி. காசில் அப்படியில்லை. தங்கம் பழுதில்லாமல் இருந்து, காசு மட்டும் போலியாக இருக்க முடியும்.

"நமக்குத் தெரிந்த ஆசாரியிடம் காட்டிவிட்டேன், உரசிப் பார்த்து 22 கேரட் என்று சொல்லிவிட்டார்" என்பார்கள். ஆசாரி பொய் சொல்லவில்லை. ஆனால் 1950களிலும் 60களிலும் லெபனானின் பெய்ரூட் பக்கம், சவரன் என்னும் பிரிட்டிஷ் தங்கக் காசின் போலிகள் ஏராளமாகத் தயாரானபோது, அவற்றில் பலவற்றைச் சரியான 22 கேரட் தங்கத்திலேயே அடித்தார்கள். அவற்றை உரைகல் மறுக்காது. நகைக் கடைகளில் இருக்கும் எக்ஸ்-ரே சோதனைக் கருவியும் மறுக்காது. அந்தக் கருவி தங்கத்தின் மேல்தோலைத்தான் படிக்கிறது என்பதால், கனமாக முலாம் பூசிய காசும் அதை ஏமாற்றிவிடலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் சவரனின் எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர். நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசில் பாதித் தண்ணீர் நிரப்பிய டம்ளரை வைத்து, எடையைப் பூஜ்ஜியமாக்கிக்கொள்ளுங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் நீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். தராசு 0.45 கிராமை ஒட்டிக் காட்டினால் உள்ளும் புறமும் 22 கேரட் தங்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே எடையுள்ள பித்தளைக் காசு 0.9 கிராமைத் தாண்டிவிடும். பித்தளைக்கோ செம்புக்கோ முலாம் பூசியதெல்லாம் இதில் மாட்டிக்கொள்ளும்.

இங்கும் தேறுவது உலோகம் மட்டும்தான். மேலே சொன்ன பெய்ரூட் சரக்கு இந்தச் சோதனையிலும் தேறிவிடும். அதற்கு மேல் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும், பக்கத்தில் வைத்து ஒப்பிட ஓர் அசல் காசும் வேண்டும். குதிரை மேலிருந்து டிராகனைக் குத்தும் புனித ஜார்ஜ் உருவத்தின் கீழே, வலது ஓரத்தில் அந்த உருவத்தை வடித்த பெனெடெட்டோ பிஸ்ட்ரூச்சியின் பெயரைக் குறிக்கும் பி.பி. என்ற பொடி எழுத்துகள் இருக்கும். அசலில் அவை கூர்மையாக நிற்கும்; அசலைப் பிரதியெடுத்து வார்த்த போலிகளில் மழுங்கி, வழுக்கிப்போய் இருக்கும். 1918இல் பம்பாயில் அச்சிட்டவற்றில் ஆண்டுக்கு மேலே, தரைக்கோட்டின் நடுவில் ஐ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். எம் என்றால் மெல்போர்ன், எஸ் என்றால் சிட்னி, பி என்றால் பெர்த், எஸ்.ஏ. என்றால் பிரிட்டோரியா, சி என்றால் ஒட்டாவா. எழுத்தே இல்லாவிட்டால் லண்டன்.

இதை நீங்களே கரைத்துக் குடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காசை லென்ஸ் வழியாகக் காட்டி, எங்கே பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும் என்று விளக்குபவரிடம் உட்காரலாம். "சொக்கத் தங்கம், வேண்டுமானால் உரசிப் பாருங்கள்" என்று கல்லை நீட்டுபவர் நகை வியாபாரத்தில் எவ்வளவு நாணயஸ்தராக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆள் இல்லை.

புதையல் கதை

மகாமகக் குளத்தைத் தூர் வாரியபோது கிடைத்தது, கொள்ளிட மணலைச் சலித்தபோது கிடைத்தது, பழைய மிராசுதார் வீட்டு அஸ்திவாரத்தைத் தோண்டியபோது கிடைத்தது. கதை ஊருக்கு ஊர் மாறும், முறை ஒன்றுதான். பேசுபவர் படிக்காதவர் போலவும் பயந்தவர் போலவும் இருப்பார். "அண்ணே, போலீஸுக்குத் தெரிந்தால் வம்பு, நீங்களே பார்த்து ஏதாவது கொடுங்கள்" என்பார். முதலில் ஒரே ஒரு காசைத் தருவார். பெரும்பாலும் வீரராயன் பணம் போன்ற சின்னஞ்சிறு தங்கக் காசு. அரை கிராம்கூட எடை இல்லாதது. கடையில் காட்டினால் அசல் தங்கம் என்பார்கள். அடுத்த வாரம் ஒரு சொம்பு நிறையக் காசு வரும். நீங்கள் சில லட்சங்களோடு ஏதோ ஒரு பைபாஸ் ஓரத்துக்குப் போவீர்கள். சொம்பில் இருப்பது பித்தளை. இரிடியம் கலசம் என்று கோபுரத்தைக் காட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு இவர்கள் பங்காளிகள்தான்.

பலர் யோசிக்காத இடம் ஒன்று இதில் உண்டு. கதை பொய் என்றால் பணம் போகிறது. உண்மை என்றாலும் வம்புதான். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயில் வளாகத்தில் பள்ளம் தோண்டியபோது ஒரு கலத்தில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன, எடை 1.716 கிலோ. அவை அதிகாரிகளிடம் போய்ச் சேர்ந்தன. நிஜப் புதையல் போகும் வழி அதுதான். உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வராது. ஆகவே, காசின் வரலாற்றுக்கு விற்பவர் சொல்லும் ஒரே ஆதாரம் "மண்ணில் கிடைத்தது" என்றால், பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட வேண்டும்.

அபூர்வம் என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு கொடுப்பது?

டெல்டாவில் அடிக்கடி கைமாறுவது 1918ஆம் ஆண்டின் பம்பாய் சவரனும், அதே ஆண்டில் அதே எடையில் வந்த 15 ரூபாய் தங்க மொஹரும். முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவிலேயே அச்சான சவரன் என்பதால் இதற்குத் தனி மவுசு உண்டு. அதில் தவறில்லை. ஆனால் அந்த சவரன் ஏறக்குறைய 13 லட்சம் அச்சிடப்பட்டது; மொஹர் 21 லட்சம். "இந்தியாவிலேயே நாலைந்துதான் இருக்கின்றன" என்று அதன் தங்க மதிப்பைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்பவரிடம் இந்த எண்ணிக்கையைச் சொல்லிப் பாருங்கள். முகம் போகும் போக்கிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். மறுபுறம், லண்டனில் அச்சான 1917 சவரன் உண்மையிலேயே அரிது. அதனாலேயே போலிகளும் அதில் மலிவு. வேறு நாணயச்சாலையின் எழுத்தைச் சுரண்டி எடுத்த தடம் இருக்கிறதா என்று பார்க்காமல் அதை வாங்கக் கூடாது.

ஊர்ப் பாசம் இன்னொரு பலவீனம். நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்து 1781 வரை வைத்திருந்தார்கள். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள். இரண்டு இடங்களின் பெயரிலும் காசுகள் உண்டு. ஆனால் தரங்கம்பாடியின் பேரில் சாதாரணமாகக் கிடைப்பவை செம்பும் ஈயமும். டேனிஷ் தங்கம் எளிதில் கண்ணில் படாது. நம் ஊர்க் காசாயிற்றே என்று உள்ளூர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு விலை கொடுப்பார் என்பது விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த மாதிரிக் காசுக்கு முந்தைய ஏல விவரமோ, பழைய பில்லோ, எந்தச் சேகரிப்பிலிருந்து வந்தது என்ற எழுத்து ஆதாரமோ கட்டாயம் வேண்டும். சோழர் காசும் அப்படியே. ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் கொண்ட ராஜராஜன் செப்புக் காசுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அதில் ஒன்றுக்கு முலாம் பூசி "ராஜராஜன் தங்கக் காசு" என்று தலையில் கட்டப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. சங்க காலச் சோழர் தங்கம் என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு வரலாம். அக்காலச் சோழர் காசுகளாக நாம் அறிந்தவை பெரும்பாலும் சதுரச் செப்புக் காசுகள்.

பளபளப்பைப் பார்த்து மயங்குவது நகைக் கடைப் பழக்கத்தின் மிச்சம். பழைய காசுக்கு மெருகு போட்டால் அதன் சேகரிப்பு மதிப்பு போயிற்று. காசுமாலையிலிருந்து கழற்றிய சவரன்கள் இங்கே நிறைய வரும். வளையம் பற்றவைத்த இடத்தை அராவிச் சமமாக்கியிருப்பார்கள். விளிம்பைச் சுற்றி விரல் நகத்தால் தடவினால் வரிகள் ஓரிடத்தில் மட்டும் மழுங்கியிருப்பது தெரியும். அது குற்றமில்லை, ஆனால் விலை தங்க மதிப்பை ஒட்டி இறங்க வேண்டும். எல்லாத் தழும்பும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகள் 501இல் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் மீது உளி வெட்டு இருக்கிறது. அது பழங்காலத்திலேயே விழுந்த வெட்டு, அந்தக் காசுகளின் வரலாற்றில் ஒரு பகுதி. எந்தத் தழும்பு வரலாறு, எந்தத் தழும்பு சேதம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் நல்ல வியாபாரி. சோழர் முதல் ரஷ்ய ஜார் வரை எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவரைவிட, "இந்த வகை எனக்குப் பழக்கமில்லை, இன்னாரிடம் கேளுங்கள்" என்று அனுப்பிவைப்பவரை நான் அதிகம் நம்புவேன்.

பில்லில் என்ன எழுதியிருக்கிறது?

பில் வாங்காமல் வருவது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். பில்லில் "பழைய தங்கக் காசு 1, எடை 8 கிராம்" என்று எழுதி வாங்கி வருவதும் அதே அளவு தவறு என்பது பலருக்கு உறைப்பதில்லை. நாளை போலி என்று தெரிந்தால், "தங்கம்தானே கொடுத்தேன், எடை சரிதானே" என்று அவர் கை கழுவிவிடலாம். எழுத்து அவர் பக்கம் இருக்கிறது. பில் இப்படி இருக்க வேண்டும்: சவரன், ஐந்தாம் ஜார்ஜ், 1918, பம்பாய் நாணயச்சாலை, எடை 7.98 கிராம், அசல் என உறுதியளிக்கப்படுகிறது, அசல் அல்ல என்று தெரியவந்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும். இரு பக்கமும் எடுத்த படத்தைப் பில்லோடு இணைக்கச் சொல்லுங்கள். வாயால் நூறு சத்தியம் செய்பவர்கள் இந்த நான்கு வரியை எழுதத் தயங்குவதைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், வேறு எந்தச் சோதனையும் இல்லாவிட்டாலும் இது ஒன்றே போதும்.

நூறு ஆண்டைக் கடந்த காசு, 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி தொல்பொருள். அதை விற்பதைத் தொழிலாக நடத்துபவரிடம் உரிமம் இருக்க வேண்டும். விற்பனைப் பதிவேடும் வைத்திருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. பில் வேண்டாம், ரொக்கமாகக் கொடுத்தால் குறைத்துக்கொள்கிறேன் என்பவரிடம் 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்று நினைவூட்டலாம்.

வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: "இதே காசை அடுத்த மாதம் நானே கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" பத்தோ பதினைந்தோ சதவீதம் குறைத்துச் சொன்னால் அது வியாபாரம். "அன்றைய தங்க விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றால், அபூர்வத்துக்கு என்று உங்களிடம் வாங்கிய கூடுதல் தொகையில் அவருக்கே நம்பிக்கையில்லை. நகைக் கடையில் விற்கப் போனாலும் அந்த விலைதான். அங்கே அதை உருக்கிவிடுவார்கள்.

கண்காட்சிகளில் மூன்று நாள் மேசை போட்டு, ஞாயிறு மாலை மூட்டை கட்டுபவர்களிடம் முதல் பெரிய காசை வாங்காதீர்கள். விசிட்டிங் கார்டு முகவரி ஆகாது. கடையை ஒருமுறை போய்ப் பாருங்கள். அதற்கு முன் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதியில் அரை நாள் கழிப்பது நல்லது. நல்ல காசுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கெட்டது தானே உறுத்தும். மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சங்கங்களுக்கு வருபவர்களிடம் ஒரு வியாபாரியின் பெயரைச் சொன்னால், அவர்கள் பதில் சொல்லும் வேகமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். மும்பை, பெங்களூரு, அகமதாபாத் ஏல நிறுவனங்கள் பழைய ஏலங்களில் போன விலையை இணையத்தில் வைத்திருக்கின்றன. ஏலத்தில் கேட்கும்போது, ஏலம் முடியும் சுத்தியல் விலைக்கு மேல் நிறுவனத்தின் கமிஷனும் வரியும் சேரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு கையைத் தூக்குங்கள்.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரம் குறித்து வரும் காசுகள் பாதுகாப்பானவை என்பது பாதி உண்மை. என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்களின் உறைகளுக்கே போலி வந்துவிட்டது. உறையில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, படம் இருந்தால் காசோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிட வேண்டும். விற்பவரே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். "நானே அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் போட்டு வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். 1972 சட்டப்படி தொல்பொருளைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. 1918 சவரனும் இப்போது அந்தக் கணக்கில் வந்துவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாக அதைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தனுப்ப நினைப்பவர்களுக்கும் இதே சட்டம்தான். மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்றாண்டு சிறை.